அனாதை இல்லத்தின் மாடியில் ஒரு முதியவர்

சீனாவின் ஷாங்காய் நகரத்தில், வானளாவிய கட்டடங்களுக்கு நடுவே பழைய செங்கல் கட்டடம் ஒன்று நிற்கிறது. பூஹுய்தாங் சாலையில் உள்ள அந்தக் கட்டடம் ஒரு காலத்தில் அனாதைச் சிறுவர்களின் இல்லமாக இருந்தது. 2010ஆம் ஆண்டு முதல் அது ஒரு சிறிய வரலாற்று அருங்காட்சியகம். துஷான்வான் அருங்காட்சியகம் என்பது அதன் பெயர். தாயும் தந்தையும் இல்லாத பிள்ளைகள் கற்றுக்கொண்ட தச்சுவேலை, ஓவியம், அச்சுக்கலை, வண்ணக் கண்ணாடி வேலை ஆகியவற்றின் நினைவுகள் அங்கே காக்கப்படுகின்றன.

அந்த இல்லத்தின் கதையோடு ஒரு முதியவரின் கதையும் பின்னிக் கிடக்கிறது. அவர் அங்கே வளர்ந்த அனாதை அல்லர். வசதியான குடும்பத்தில் பிறந்தவர். குருவாக அருள்பொழிவு பெற்றவர். பின்னர் அந்தப் பணியை விட்டு விலகியவர். அரசுத் தூதராக நாடுகள் பல சுற்றியவர். பல்கலைக்கழகங்களை உருவாக்கியவர். தம்மிடம் இருந்ததை எல்லாம் கொடுத்துவிட்டு, முதிய வயதில் அனாதைச் சிறுவர்களின் இல்லத்தில் வந்து தங்கியவர். அவர் பெயர் மா ஷியாங்போ. திருமுழுக்குப் பெயர் யோசேப்பு. இன்றும் சீனாவில் கல்வியைப் பற்றிப் பேசுவோர் மதிப்போடு உச்சரிக்கும் பெயர் அது.

அன்பார்ந்தவர்களே, அவருடைய வாழ்வைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்போம்.

மண்மேட்டில் எழுந்த இல்லம்

துஷான்வான் என்ற சொல்லுக்கு மண்மேட்டு வளைவு என்று பொருள். கால்வாயைத் தூர்வாரியவர்கள் அள்ளிப் போட்ட மண், நீர் வளைந்து செல்லும் இடத்தில் சிறு குன்றாகக் குவிந்தது. அதனால் வந்த பெயர் இது.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி சீன மக்களுக்கு மிகக் கொடிய காலம். வெள்ளமும் பஞ்சமும் மாறி மாறி வந்தன. தைப்பிங் கிளர்ச்சி என்ற பெரும் உள்நாட்டுப் போர் மூண்டது. கைவிடப்பட்ட குழந்தைகள் பெருகினர். அவர்களுக்காக இயேசு சபைத் துறவிகள் சாய்ஜியாவான் என்ற ஊரில் ஓர் இல்லம் நடத்தினார்கள். 1860ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தைப்பிங் படையினர் அந்த இல்லத்தைத் தாக்கினார்கள். இத்தாலிய இயேசு சபைக் குருவான லூயிஜி மாஸா அங்கே கொல்லப்பட்டார். தப்பிப் பிழைத்த சிறுவர்கள் ஷாங்காய்க்குக் கொண்டுவரப்பட்டார்கள். 1864ஆம் ஆண்டு அவர்களுக்குத் துஷான்வானில் நிலையான இல்லம் அமைந்தது.

அருகிலேயே சூஜியாஹுய் என்ற பகுதி. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருமுழுக்குப் பெற்ற சீன அறிஞரும் அமைச்சருமான பவுல் சூ குவாங்சியின் குடும்ப நிலம் இருந்த இடம் அது. அவருடைய கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. கோவில், பள்ளி, நூலகம், புயல் எச்சரிக்கை தந்த வானிலை ஆய்வுக்கூடம் என்று ஒரு கத்தோலிக்க ஊரே அங்கு வளர்ந்தது. சிறுவர்கள் துஷான்வானிலும், சிறுமிகள் சற்றுத் தள்ளி அருள்சகோதரிகளின் இல்லத்திலும் வளர்ந்தார்கள்.

துஷான்வானில் சோறும் துணியும் மட்டும் கொடுத்து நிறுத்திவிடவில்லை. எழுதப் படிக்கக் கற்ற சிறுவர்கள் பதின்மூன்று வயது வாக்கில் தொழிற்கூடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். தச்சுக்கூடம், ஓவியக்கூடம், அச்சகம், உலோக வேலைக்கூடம், தையல், செருப்பு வேலை என்று பல பிரிவுகள் இருந்தன. சீனாவில் மேற்கத்திய ஓவியக் கலையின் தொட்டில் என்று துஷான்வான் பிற்காலத்தில் பெயர் பெற்றது. அதன் அச்சகம் நாட்டின் நவீன அச்சுக்கலைக்கு முன்னோடிகளுள் ஒன்று. தொழில் கற்ற இளைஞர்கள் பலர் அதே கூடங்களில் கூலிக்கு வேலை செய்தார்கள். அருள்சகோதரிகளின் இல்லத்தில் வளர்ந்த பெண்களை மணந்துகொண்டு, அக்கம்பக்கத்திலேயே குடியேறினார்கள். உறவென்று சொல்லிக்கொள்ள யாரும் இல்லாதிருந்தவர்களுக்கு வீடும் பிள்ளைகளும் வாய்த்தன.

இன்று அருங்காட்சியகத்தில் நுழைபவர்களை நிறுத்திப் பார்க்கவைப்பது ஏறத்தாழ 6 மீட்டர் உயரமுள்ள ஒரு மர அலங்கார வாயில். ஜெர்மானிய அருள்சகோதரர் ஒருவரின் வழிகாட்டுதலில் சிறுவர்கள் அதைச் செதுக்கினார்கள். 1915ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ உலகக் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. பின்னர் சிகாகோ, நியூயார்க் கண்காட்சிகளிலும் இடம்பெற்றது. கைமாறிக் கைமாறி சுவீடன் நாடு வரை போய், 2009ஆம் ஆண்டு ஷாங்காய்க்குத் திரும்பியது. அதைச் செதுக்கிய கைகளில் பெரும்பாலானவற்றுக்கு வரலாற்றில் பெயர் இல்லை. வேலை மட்டும் நிற்கிறது.

பதினொரு வயதில் ஒரு பயணம்

மா ஷியாங்போ 1840ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ஜியாங்சு மாநிலத்தில் பிறந்தார். அவருடைய குடும்பம் பல தலைமுறைகளாகக் கத்தோலிக்க விசுவாசத்தில் வாழ்ந்த குடும்பம். விசுவாசத்திற்குத் தடை இருந்த காலத்திலும் அதை விடாமல் காத்தவர்கள் அவர்கள்.

1851இல், பதினொரு வயதில், சிறுவன் ஷாங்காய்க்கு வந்து சூஜியாஹுயில் புதிதாகத் தொடங்கப்பட்டிருந்த புனித இஞ்ஞாசியார் பள்ளியில் சேர்ந்தான். இத்தாலியக் குருவான ஆஞ்செலோ சொட்டோலி அவனுக்கு ஆசிரியராக அமைந்தார். சீனப் பழம்பெரும் நூல்களோடு இலத்தீன், பிரெஞ்சு மொழிகளையும் கணிதத்தையும் வானியலையும் அவன் ஆர்வத்தோடு கற்றான். 1862இல் இயேசு சபையின் நவதுறவியானார். 1870இல் குருத்துவ அருள்பொழிவு பெற்றார். சிறிது காலத்திலேயே தாம் படித்த பள்ளிக்கே தலைமை ஆசிரியரானார்.

முப்பது வயதில் சீனத்தின் அறிவும் ஐரோப்பாவின் அறிவும் ஒருங்கே கைவரப் பெற்ற ஒரு சீனக் குரு என்றால், அது அந்தக் காலத்தில் மிக அரிது. திருச்சபைக்குப் பெரிய நம்பிக்கை. அவருடைய பெற்றோருக்கு எவ்வளவு பெருமையாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

விலகலும் திரும்புதலும்

ஆனால் 1876ஆம் ஆண்டு அவர் இயேசு சபையை விட்டு வெளியேறினார். வெளிநாட்டு மேலதிகாரிகளுக்கும் அவருக்கும் இடையே மனக்கசப்பு வளர்ந்திருந்தது. பஞ்சத்தால் வாடிய மக்களுக்குத் தம் குடும்பப் பணத்தைக் கொண்டு உதவியதற்காக அவர் கண்டிக்கப்பட்டார் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் சொல்லப்படுகிறது. சீனர்களைச் சமமாக நடத்தாத போக்கும் அவரைப் புண்படுத்தியது. சபையை மட்டுமல்ல, குருத்துவப் பணியையும் விட்டார். திருமணம் செய்துகொண்டார்.

அடுத்த இருபது ஆண்டுகள் அவர் அரசுப் பணியில் இருந்தார். அக்காலத்தில் சீனாவின் செல்வாக்கு மிக்க தலைவராயிருந்த லீ ஹோங்ஜாங்கிடம் பணியாற்றினார். ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் சென்றார். அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, நாட்டின் வளர்ச்சிக்குக் கடன் பெற முயன்றார். ஐரோப்பாவின் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களை நேரில் பார்த்தார். அவருடைய தம்பி மா ஜியான்ஜோங்கும் இதே பணியில் இருந்தார். சீன மொழியின் முதல் முறையான இலக்கண நூலாகக் கருதப்படும் நூலை 1898இல் வெளியிட்டவர் அந்தத் தம்பிதான்.

வெளியிலிருந்து பார்த்தால் அது வெற்றி வாழ்க்கை. ஆனால் அவர் எடுத்த முயற்சிகள் பெரும்பாலும் அரசவையின் தயக்கத்தால் கைகூடவில்லை. 1890களில் துயரம் வீட்டுக்குள்ளும் நுழைந்தது. மனைவியும் மூத்த மகனும் கடல் விபத்தில் மாண்டார்கள். தாயும் மறைந்தார். தம் மகன் குருத்துவத்தை விட்டதை எண்ணி அந்தத் தாய் கடைசிவரை வருந்தினார். ஜப்பானுடன் நடந்த போரில் சீனா தோற்றது. அவர் இருபது ஆண்டு உழைத்த அரசியலும் அத்தோடு சரிந்தது.

அறுபதை நெருங்கும் வயதில் மா ஷியாங்போ மீண்டும் சூஜியாஹுய்க்கு வந்தார். தியானத்தில் அமர்ந்தார். திருச்சபையோடும் பழைய சபைத் தோழர்களோடும் ஒப்புரவானார். பிள்ளைகளைத் திருச்சபையின் பராமரிப்பில் ஒப்படைத்தார். செபம், படிப்பு, மொழிபெயர்ப்பு என்று அவருடைய நாள்கள் அமைதியாகக் கழிந்தன.

நற்செய்தியில் வரும் இளைய மகன் சொத்தை அழித்துவிட்டு வெறுங்கையனாய் வீடு திரும்பினான். இந்த மகனோ தன் பங்கு சொத்தைக் கையில் ஏந்திக்கொண்டு திரும்பினான். அதை என்ன செய்தார் என்பதைத்தான் அடுத்துப் பார்க்கப்போகிறோம்.

3,000 மூ நிலம்

1900ஆம் ஆண்டு மா ஷியாங்போ தம் பங்கிற்கு வந்த குடும்ப நிலம் முழுவதையும், ஏறத்தாழ 3,000 மூ, இயேசு சபையாரிடம் எழுதிக் கொடுத்தார். மூ என்பது சீன நில அளவு. நம் கணக்கில் அது கிட்டத்தட்ட 500 ஏக்கர். நோக்கம் ஒன்றே. சீன இளைஞர்கள் தங்கள் மண்ணிலேயே உயர்கல்வி பெற ஒரு கல்லூரி எழவேண்டும்.

அதே ஆண்டில் அவருடைய தம்பி இறந்தார். அதே ஆண்டில்தான் வட சீனாவில் பாக்ஸர் கிளர்ச்சி வெடித்து, ஆயிரக்கணக்கான கத்தோலிக்கர்கள் கொல்லப்பட்டார்கள். வெளிநாட்டுப் படைகள் தலைநகரில் நுழைந்தன. வெறுப்பு இரு பக்கமும் கனன்ற நேரம் அது. அந்த நேரத்தில் ஒருவர் தம் நாட்டு இளைஞர்களின் படிப்புக்காகத் தம் சொத்தைக் கொடுக்கிறார். அதையும் ஒரு காலத்தில் தம்மைக் கண்டித்த சபையின் கையிலேயே கொடுக்கிறார்.

இது எளிய செயல் அல்ல. நாமாயிருந்தால், நமக்கு மனக்காயம் தந்த நிறுவனத்திற்கு ஒரு பத்து ரூபாய் கொடுக்கவும் கை நீளுமா?

விடியலும் மீண்டும் ஒரு விடியலும்

1901இல் சாய் யுவான்பெய் என்ற ஆசிரியர் அவரிடம் இலத்தீன் கற்க வந்தார். அருகில் இருந்த நான்யாங் பள்ளியில் பணியாற்றியவர் அவர். விடியற்காலையிலேயே வந்து கதவைத் தட்டும் ஆர்வம் அவருக்கு. பின்னர் தம் மாணவர்கள் இருபத்து நால்வரையும் அனுப்பிவைத்தார். இந்த சாய் யுவான்பெய்தான் பிற்காலத்தில் சீனக் குடியரசின் முதல் கல்வி அமைச்சரானார். பேய்ஜிங் பல்கலைக்கழகத்தைப் புதுப்பித்தவரும் அவரே.

அந்தச் சிறு வகுப்பே வளர்ந்து, 1903ஆம் ஆண்டு ஜென்தான் கல்லூரியாக மலர்ந்தது. சூஜியாஹுயின் பழைய வானிலை ஆய்வுக்கூடத்தில் வகுப்புகள் நடந்தன. இயேசு சபைக் குருக்கள் பாடம் நடத்த முன்வந்தார்கள். இந்தப் பெயருக்கும் நம் நாட்டிற்கும் ஒரு தொடர்பு உண்டு. பழைய சமஸ்கிருத நூல்கள் சீனாவைச் சீனஸ்தானம் என்று அழைத்தன. புத்த நூல்களை மொழிபெயர்த்தவர்கள் அந்தச் சொல்லையே ஜென்தான் என்று சீன எழுத்தில் வடித்தார்கள். அதன் எழுத்துகள் விடியலையும் குறிக்கும். எனவே ஐரோப்பியர் அக்கல்லூரியை அரோரா என்று அழைத்தார்கள்.

மாணவர்கள் தங்கள் காரியங்களைத் தாங்களே நடத்திக்கொள்ளவேண்டும், அறிவியலோடு மொழிகளையும் கற்கவேண்டும், மதப் பிரசாரம் வகுப்பறைக்குள் வரக்கூடாது என்பவை மா ஷியாங்போவின் கொள்கைகள். ஆனால் 1905இல் பிரெஞ்சுக் குருக்கள் பாடத்திட்டத்தையும் நிர்வாகத்தையும் தங்கள் விருப்பப்படி மாற்ற முற்பட்டார்கள். பிரெஞ்சு மொழிக்கே முதலிடம் தரப்பட்டது. நிறுவனரை உடல்நலம் இல்லாதவர் என்று ஒதுக்கினார்கள். மாணவர்களில் பெரும்பாலோர் வெளியேறினார்கள். மா ஷியாங்போ அவர்களோடு நின்றார்.

அப்போது அவருக்கு வயது 65. கொடுத்த நிலத்தைத் திரும்பக் கேட்கவில்லை. வழக்குத் தொடுக்கவில்லை. திருச்சபையை விட்டும் போகவில்லை. அதே 1905இல் ஊசோங் என்ற இடத்தில் புதிய கல்லூரியைத் தொடங்கினார். அதுதான் ஃபூதான். மீண்டும் விடியல் என்பது அதன் பொருள். இன்று ஃபூதான் பல்கலைக்கழகம் சீனாவின் முதல் வரிசைப் பல்கலைக்கழகங்களுள் ஒன்று.

பழைய ஜென்தான் கல்லூரியை இயேசு சபையார் தொடர்ந்து நடத்தினார்கள். 1908இல் அது புதிய வளாகத்திற்கு மாறியபோது மா ஷியாங்போ அதற்கும் மீண்டும் பொருளுதவி செய்தார். தம்மை வெளியேற்றிய வீட்டிற்கும் விளக்கேற்ற எண்ணெய் கொடுத்தார் என்றே சொல்லவேண்டும்.

பேய்ஜிங்கிலிருந்து உரோமைக்கு ஒரு மடல்

1911இல் பேரரசு வீழ்ந்து, 1912இல் குடியரசு பிறந்தது. மா ஷியாங்போ சில மாதங்கள் பேய்ஜிங் பல்கலைக்கழகத்தின் பொறுப்புத் தலைவராக இருந்தார். கன்பூசிய நெறியை அரச மதமாக்கவேண்டும் என்று சிலர் வற்புறுத்தியபோது அதை எதிர்த்து எழுதினார். எந்த மதமும் அரசின் மதமாக வேண்டாம், ஒவ்வொருவரும் தம் மனச்சான்றின்படி வழிபடட்டும் என்பது அவருடைய நிலை. கத்தோலிக்கருக்கு மட்டும் அல்ல, எல்லாருக்கும் அந்த உரிமையை அவர் கேட்டார்.

1912ஆம் ஆண்டிலேயே, பத்திரிகையாளரும் கத்தோலிக்கருமான யிங் லியான்ஜியோடு சேர்ந்து, திருத்தந்தை பத்தாம் பத்திநாதருக்கு அவர் ஒரு விண்ணப்பம் எழுதினார். சீனாவில் கத்தோலிக்கர் தொடக்கப் பள்ளிகளோடு நின்றுவிட்டார்கள். மற்ற சபையினர் உயர்கல்வியில் முன்னேறிவிட்டார்கள். எனவே கற்றறிந்த துறவிகளை அனுப்பித் தலைநகரில் ஒரு பல்கலைக்கழகம் தொடங்கவேண்டும் என்பது அதன் சாரம். பதில் உடனே செயலாகவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1925இல், அமெரிக்காவின் பெனடிக்ட் சபைத் துறவிகள் பேய்ஜிங்கில் ஃபூஜென் பல்கலைக்கழகத்திற்கு அடிக்கல் இட்டார்கள். யிங் லியான்ஜி அடுத்த ஆண்டே மறைந்தார். 1952இல் பேய்ஜிங்கில் அது கலைக்கப்பட்டாலும், 1960களில் தைவானில் மீண்டும் தொடங்கி இன்றும் நடந்து வருகிறது.

1919ஆம் ஆண்டு திருத்தந்தை பதினைந்தாம் ஆசீர்வாதப்பர், மறைபரப்பாளர்கள் தங்கள் நாட்டின் பெருமையைப் பரப்ப வந்தவர்கள் அல்லர் என்றும், அந்தந்த நாட்டுக் குருக்களிடம் பொறுப்பை ஒப்படைக்கவேண்டும் என்றும் ஒரு திருமடலில் அறிவுறுத்தினார். மா ஷியாங்போ போன்றோர் நெடுங்காலம் மனம் நொந்து சொல்லி வந்தது இதைத்தான். 1926ஆம் ஆண்டு அக்டோபர் 28 அன்று உரோமையில் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் ஆறு சீனக் குருக்களை ஆயர்களாகத் திருநிலைப்படுத்தினார். 1685இல் முதல் சீன ஆயர் திருநிலைப்படுத்தப்பட்ட பிறகு அதுவே முதல் முறை. அப்போது மா ஷியாங்போவுக்கு வயது 86. 36 வயதில் அவரை வெளியே போகவைத்த காயம் ஆறத் தொடங்க ஐம்பது ஆண்டுகள் ஆயின.

மாடியறையில்

பேய்ஜிங்கிலிருந்து திரும்பிய மா ஷியாங்போ, ஷாங்காயில் தங்குவதற்குத் தேர்ந்துகொண்ட இடம் துஷான்வான் அனாதை இல்ல வளாகம். பெரிய மாளிகை வாங்கியிருக்கக்கூடியவர் அவர். அந்தச் சொத்து அப்போது கல்லூரிகளாக மாறியிருந்தது. இல்லத்தின் மாடியில் அவர் வாழ்ந்தார். கீழே தச்சுக்கூடத்தின் இழைப்புளி ஓசையும் அச்சகத்தின் சத்தமும். மேலே புத்தகங்களும் எழுதுகோலும்.

அங்கே அவர் சும்மா இருக்கவில்லை. குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் தன்வரலாற்றைச் சீனத்தில் மொழிபெயர்த்தார். நற்செய்தி நூல்களை மக்கள் படித்து மகிழும் நல்ல சீன நடையில் பெயர்க்கும் பணியில் ஆண்டுக்கணக்கில் ஈடுபட்டார். துஷான்வான் அச்சகமே அவர் எழுத்துகளை வெளியிட்டது. அதாவது, அந்த முதியவர் மாடியில் எழுதியதை அனாதைகளாக வந்து தொழில் கற்றவர்கள் கீழே அச்சுக்கோத்தார்கள்.

துஷான்வானில் படித்த ஓர் இளைஞர் சாங் சோங்ரென். சிறு வயதில் தாயை இழந்தவர். மா ஷியாங்போ அவருக்கு ஊக்கம் தந்தார். அவர் பெல்ஜியத்திற்குச் சென்று சிற்பக்கலை கற்றார். டின்டின் சித்திரக் கதைகளை வரைந்த ஹெர்ஷேவின் நண்பரானார். சீனர்களைக் கேலியாக வரையாமல் உண்மையாக வரையவேண்டும் என்று ஹெர்ஷேவுக்கு உணர்த்தியவர் அவர். துஷான்வானின் பிள்ளை ஒருவர் ஐரோப்பியக் குழந்தைகளின் கண்ணைத் திறந்தார் என்று நாம் மகிழலாம்.

1931ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஜப்பானியப் படை மஞ்சூரியாவைக் கைப்பற்றியது. மா ஷியாங்போவுக்கு வயது 91. ஓய்வெடுக்க முழு உரிமை உள்ள வயது. ஆனால் அவர் மக்களை விழித்தெழச் செய்ய மீண்டும் எழுதினார், பேசினார். 1932இல் தொடங்கி நான்கு மாதங்களில் பன்னிரண்டு முறை வானொலியில் உரையாற்றினார். உள்நாட்டுச் சண்டையை நிறுத்தி, நாட்டைக் காக்க ஒன்றுபடவேண்டும் என்பதே அவருடைய வேண்டுகோள். தம் அழகிய கையெழுத்துப் படைப்புகளை விற்று, பாதிக்கப்பட்டோருக்கு நிதி திரட்டினார். அரசியல் கட்சி வேறுபாடு இல்லாமல் தலைவர்கள் பலர் அவரைத் தேடி அனாதை இல்லத்தின் படியேறினார்கள். விற்பதற்கு நிலம் இல்லாதபோது கையெழுத்து இருந்தது. கையும் தளர்ந்தபோது குரல் இருந்தது. எது மிஞ்சியிருந்ததோ அதைக் கொடுத்தார்.

கடைசிப் பயணம்

1930களின் பிற்பகுதியில் ஆயர் யூ பின்னின் அழைப்பை ஏற்று அவர் நான்ஜிங் நகருக்குச் சென்றார். 1937இல் போர் பரவியது. நூறு வயதை நெருங்கிய அவர் தெற்கே குய்லின் நகருக்கு இடம்பெயர நேர்ந்தது. அங்கிருந்து குன்மிங் செல்லும் வழியில் வியட்நாமின் எல்லையை ஒட்டிய லாங் சோன் ஊரில் உடல்நலம் குன்றித் தங்கினார். 1939ஆம் ஆண்டு, சீனக் கணக்குப்படி அவருக்கு நூறு வயது நிறைந்ததை நாடே கொண்டாடியது. அந்த ஆண்டு நவம்பர் 4 அன்று அங்கேயே இறைவனடி சேர்ந்தார்.

நாட்டுக்காக இவ்வளவு செய்தவர் நாட்டுக்கு வெளியே, அகதியைப்போல் இறந்தார். மோசே வாக்களிக்கப்பட்ட நாட்டைத் தொலைவிலிருந்து மட்டும் பார்த்து மறைந்ததை இது நமக்கு நினைவூட்டுகிறது. பின்னாளில் அவருடைய உடல் ஷாங்காய்க்குக் கொண்டுவரப்பட்டது.

துஷான்வான் இல்லமும் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் மூடப்பட்டது. கூடங்கள் பல இடிக்கப்பட்டன. எஞ்சிய கட்டடம் பள்ளிக்கூடமாகச் சில காலம் பயன்பட்டு, பிறகு அருங்காட்சியகமானது. அதை இன்று காத்து வருவது அந்நகரின் மாவட்ட நிர்வாகம். அனாதைகளின் உழைப்பும் அந்த முதியவரின் நினைவும் இவ்வாறு எல்லாருக்கும் உரிய சொத்தாகிவிட்டன.

நம் சிந்தனைக்கு

அன்பார்ந்தவர்களே, மா ஷியாங்போவைப் பீடத்தில் வைத்துப் புகழ்வது எளிது. அவருடைய வாழ்வு நம் முன் வைக்கும் கேள்விகள் அவ்வளவு எளிதானவை அல்ல.

முதலாவது, காயம்பட்டவர் என்ன செய்யவேண்டும் என்ற கேள்வி. பங்கில் ஒரு மனத்தாங்கல் வந்தால் கோவில் வாசலை மிதிக்கமாட்டேன் என்று சபதம் எடுப்பவர்கள் உண்டு. மனத்தாங்கலை விழுங்கிக்கொண்டு வாய்திறக்காமல் இருப்பவர்களும் உண்டு. மா ஷியாங்போ இந்த இரண்டையும் செய்யவில்லை. தவறு என்று கண்டதை நேருக்கு நேர் எதிர்த்தார். உரோமைக்கே எழுதினார். ஆனால் எதிர்த்தவர்களோடு உறவை அறுக்கவில்லை. கொடுத்ததைப் பறிக்கவில்லை. எதிர்ப்பும் அன்பும் ஒரே மனிதரிடம் சேர்ந்து இருக்கமுடியும் என்பதற்கு அவர் சாட்சி.

இரண்டாவது, திரும்பி வருபவரை நாம் எப்படி ஏற்கிறோம் என்ற கேள்வி. குருத்துவத்தையோ துறவறத்தையோ விட்டு வந்தவர்களைப் பற்றி நம் ஊர்களில் எப்படிப் பேசுகிறோம்? அவர்களுடைய பெற்றோர் படும் வேதனை நமக்குத் தெரியும். அந்தப் பேச்சுகளாலேயே எத்தனையோ பேர் திரும்பி வரும் வழி தெரியாமல் ஒதுங்கிப் போகிறார்கள். சூஜியாஹுய் தன் பழைய மகனுக்குக் கதவைத் திறந்தது. அதனால் ஒரு நாட்டுக்கே பல்கலைக்கழகங்கள் கிடைத்தன. கதவைச் சாத்தியிருந்தால் இழப்பு யாருக்கு?

மூன்றாவது, அதிகாரத்தில் இருப்பவர்களுக்கான கேள்வி. துஷான்வானைக் கட்டியவர்கள் தன்னலமற்ற உழைப்பாளிகள். உயிரையும் கொடுத்தவர்கள் அவர்களில் உண்டு. ஆனாலும் அதே சபையினர் ஒரு சீனரின் மனத்தைப் புரிந்துகொள்ளத் தவறினார்கள். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பே சில நேரம் பிறர் சொல்வதைக் கேட்கவிடாமல் நம் காதை அடைத்துவிடும். இல்லங்களையும் பள்ளிகளையும் நடத்தும் நாம் இதை மறக்கலாகாது.

கடைசியாக, அந்த மாடியறை. தந்தை இல்லாப் பிள்ளைகள் வாழ்ந்த வீட்டில், மனைவியையும் மகனையும் இழந்த ஒரு முதியவர் வாழ்ந்தார். சொந்தம் என்று பிடித்து வைத்துக்கொள்ள எதுவும் இல்லாதவர்கள் அவர்கள் எல்லாரும். அந்த வீட்டிலிருந்து உலகக் கண்காட்சிக்கு ஒரு மர வாயில் போனது. சீன மக்களின் கைகளுக்கு நூல்கள் போயின. துயருற்ற மக்களுக்கு வானொலி வழியே ஒரு குரல் போனது. கொடுப்பதற்கு நம்மிடம் ஏராளம் இருக்கவேண்டும் என்று காத்திருப்பவர்களுக்கு அந்தச் செங்கல் கட்டடம் சொல்லும் செய்தி இதுதான்.

இந்த வாரம் நம்மோடு பேச்சு நின்றுபோன ஒருவரை நினைத்துப் பார்ப்போம். அவர் நம் குடும்பத்தவராக இருக்கலாம், நம் பங்கைச் சேர்ந்தவராக இருக்கலாம், ஒரு காலத்தில் பீடத்தில் நின்றவராகவும் இருக்கலாம். அவருக்காக ஒரு செபம் சொல்வோம். முடிந்தால் அவர் வீட்டுக் கதவையும் தட்டுவோம். மூடிய கதவுகளைத் திறக்கும் ஆண்டவர் நம் முயற்சிக்குத் துணை நிற்பாராக.